ஹைட்ரஜன் வண்டிக்கும் ரேடியேட்டர் வேண்டும்

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2025 ஜூலை 25 அன்று ஹைட்ரஜனில் ஓடும் ரயிலின் பவர் காரைச் சோதித்துப் பார்த்ததாகச் செய்தி வந்தது. ஹரியானாவில் ஜிந்த் – சோனிபட் பாதைக்கான வண்டி. எட்டுப் பயணிகள் பெட்டிகள், இரண்டு பவர் கார்கள். ஒவ்வொரு பவர் காருக்கும் 1,200 கிலோவாட். அன்று சாயங்காலமே எங்கள் ரிட்டையர்டு ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாசகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது: புகை இல்லை, சூடு இல்லை, வெளியே வருவது தண்ணீர் மட்டும்.

புகை இல்லை, சரி. தண்ணீர் வரும், அதுவும் சரி. சூடு இல்லை என்பதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்ப்ரஸர், கூலிங் டவர், ஜெனரேட்டர் என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒரே வரியில் சொன்னால், மெஷினில் பிறக்கிற சூட்டை வெளியே தள்ளுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். குழுவில் இரண்டு வரி பதில் போட்டேன். "விவரமாக எழுதேன்" என்றார்கள். எழுதியிருக்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

ஃபியூயல் செல் என்பதைப் பத்திரிகைகளில் எரிபொருள் மின்கலம் என்று எழுதுகிறார்கள். பெயரில் எரிபொருள் இருந்தாலும் உள்ளே எதுவும் கொழுந்துவிட்டு எரிவதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவே ஒரு மெல்லிய சவ்வு. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து தண்ணீராகும்போது மின்சாரம் கிடைக்கிறது. இதை வில்லியம் குரோவ் 1839-லேயே செய்து காட்டிவிட்டார். அவர் பின்னாளில் நீதிபதியாகப் போனவர். டீசல் என்ஜின் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தைய சங்கதி இது. இவ்வளவு பழைய யோசனை வண்டியில் ஏற ஏன் இத்தனை காலம் ஆனது என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள்: பிளாட்டினம் விலை, ஹைட்ரஜனைச் சேமிக்கிற சிரமம். எல்லாம் உண்மை. நான் பார்த்த வேலை காரணமாக எனக்குக் கண்ணில் படுவது இன்னொன்று: சூடு.

கணக்கு எளிது. ஒரு செல்லில் ஹைட்ரஜனின் சக்தி முழுவதும் மின்சாரமாக மாறினால் சுமார் 1.25 வோல்ட் கிடைக்க வேண்டும். லோடு போட்டு ஓட்டும்போது கிடைப்பது 0.6, 0.7 வோல்ட்தான். மீதி எங்கே போகும்? சூடாகத்தான் போகும். ஆக, 100 கிலோவாட் மின்சாரம் தருகிற ஸ்டாக் ஏறக்குறைய இன்னொரு 100 கிலோவாட்டைச் சூடாகத் தருகிறது. ஸ்டாக் என்றால் நூற்றுக்கணக்கான செல்களை இட்லித் தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிய கட்டு. நடுவில் இருக்கிற செல்லின் சூடு தானாக வெளியே வர வழியே கிடையாது. செல்களுக்கு இடையே தண்ணீரையோ காற்றையோ ஓட்டினால்தான் உண்டு.

டீசல் என்ஜினிலும் சூடு உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அதற்கு ஒரு சலுகை இருக்கிறது. சைலன்ஸர் வழியாகப் போகிற புகையே சூட்டில் பெரிய பங்கை எடுத்துக்கொண்டு போய்விடும். ரேடியேட்டருக்கு வருவது மிச்சம்தான். ஃபியூயல் செல்லில் வெளியேறும் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பெரும்பாலான சூடு முழுக்க ரேடியேட்டர் தலையில். அதற்கு மேல் இன்னொரு சிக்கல். என்ஜினுக்குள் சுற்றுகிற தண்ணீர் 95 டிகிரியில் இருக்கும். வண்டிகளில் வைக்கிற சவ்வு வகை ஸ்டாக்கில் அது 70 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சூடு தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போக வேண்டுமானால் இரண்டுக்கும் வித்தியாசம் வேண்டும். வித்தியாசம் குறைந்தால் ரேடியேட்டர் பெரிதாக வேண்டும்.

மே மாதம், மத்தியானம் இரண்டு மணி, வெளியே 42 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் ரேடியேட்டருக்கு வித்தியாசம் 53 டிகிரி. ஃபியூயல் செல்லுக்கு 28. வெளியேற்ற வேண்டிய சூடோ அதைவிட அதிகம். நான் பேப்பரில் போட்டுப் பார்த்ததில், அதே 100 கிலோவாட்டுக்கு ஃபியூயல் செல் வண்டியின் ரேடியேட்டர் டீசலைப்போல் இரண்டரை மடங்கு திறன் உள்ளதாக இருக்க வேண்டும். இதே ஸ்டாக்கை 15 டிகிரி குளிரில் ஓட்டினால் வித்தியாசம் 55 ஆகிவிடும். பாதி ரேடியேட்டர் போதும். குளிர்நாட்டில் பிறந்த ஒரு இயந்திரம் நம் ஊருக்கு வரும்போது என்ன ஆகும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே இருக்கிறது.

"அப்படியானால் ஸ்டாக்கையும் 95 டிகிரியில் ஓட்ட வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. அந்தச் சவ்வு ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். சூடு ஏறினால் காய்ந்துவிடும். காய்ந்தால் அதன் மின்தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும், இன்னும் காயும். கடைசியில் ஓட்டை விழும். சரி, குளிரவே வைத்துவிடலாம் என்றால் பிறக்கிற தண்ணீர் உள்ளேயே தேங்கிக் காற்று போகிற வழியை அடைத்துக்கொள்ளும். அந்தப் பத்து, பதினைந்து டிகிரி இடைவெளிக்குள் நாள் முழுக்க வைத்திருப்பதுதான் வித்தை. அரிசி வேகிற பதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பதத்தை முதலில் பிடித்தது விண்வெளிக்காரர்கள். பிரிட்டனில் பிரான்சிஸ் பேகன் 1959-ல் 5 கிலோவாட் ஃபியூயல் செல்லை ஓட்டிக்காட்டினார். அவருடைய வழியில் வந்த செல்களைத்தான் அப்பல்லோ கலத்தில் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1965 ஆகஸ்டில், ஜெமினி 5 கலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சவ்வு வகை செல்கள் பறந்துவிட்டன. அப்பல்லோவின் செல்கள் 200 டிகிரியை ஒட்டி ஓடியவை. அவற்றின் சூட்டைக் கிளைக்காலும் தண்ணீரும் கலந்த திரவம் எடுத்துக்கொண்டுபோய், கலத்தின் வெளிச்சுவரில் பதித்த ரேடியேட்டர் பலகைகளில் விட்டது. விண்வெளியில் காற்று ஏது? சூடு வெறும் கதிர்வீச்சாகத்தான் போக வேண்டும். செல்களில் பிறந்த தண்ணீரை வீரர்கள் குடித்தார்கள். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-ன் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்து, ஃபியூயல் செல்கள் நின்றபோது மின்சாரத்தோடு அந்தத் தண்ணீரும் நின்றது. நிலாவில் இறங்குவதற்கான சின்னக் கலத்தில் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டு திரும்பிய நாட்களில், அவர்கள் கணக்குப் பார்த்துச் செலவழித்த பொருள்களில் முக்கியமானது தண்ணீர். கருவிகளைக் குளிர்விக்க அது வேண்டியிருந்தது. வீரர்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு கருவிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். படத்தில் இதை யாரும் பெரிதாகக் காட்டவில்லை. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே முதலில் கை வைத்தது பாஸ்பாரிக் அமில வகையில். பெல் நிறுவனத்தின் ஹைதராபாத் ஆராய்ச்சிப் பிரிவு 50 கிலோவாட் அளவில் அதைச் செய்து ஓட்டியது. நம் வெயிலுக்கு அது தோதான ஜாதி. 180, 200 டிகிரியில் ஓடும்; வெளியே 30 டிகிரியா 45 டிகிரியா என்று அதற்குக் கவலை இல்லை. தண்ணீரைக் குழாயில் கொதிக்கவிட்டே குளிர்விக்கலாம், வருகிற ஆவியை ஆலையில் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேடிக்கை, சுத்தமான பாஸ்பாரிக் அமிலம் 42 டிகிரியிலேயே உறைந்து கெட்டியாகிவிடும். அதாவது, ஓடும்போது குளிர்விக்க வேண்டும், நிறுத்தினால் சூடுகாட்ட வேண்டும். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது நினைவிருக்கிறதா? அந்த மாதிரி ஒரு நாளில் மட்டும் அது உறையாமல் தானாக இருந்திருக்கும்! அமில வகை வண்டிக்கு ஒத்துவரவில்லை. நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஒத்துவந்தது. டி.ஆர்.டி.ஓ.-வின் அம்பர்நாத் ஆய்வகம் அந்த வகையில் செய்த அமைப்பைக் கரையில் வைத்து 2021 மார்ச்சில் ஓட்டி நிரூபித்தது. சுற்றிலும் கடல் இருக்கும்போது குளிர்ச்சிக்கு என்ன பஞ்சம்.

சவ்வு வகைக்கு நாட்டில் ஆரம்பகாலப் பட்டறை நம் சென்னைதான். கிண்டியில் எஸ்பிக் சயின்ஸ் ஃபவுண்டேஷன் என்று ஒரு ஆராய்ச்சி அமைப்பு இருந்தது. உரக் கம்பெனி எஸ்பிக்கின் குழந்தை. அங்கே கே.எஸ். தத்தாத்ரேயன் என்ற விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும் 1990-களிலிருந்து சவ்வு வகை செல்களைச் செய்துவந்தார்கள். 10 கிலோவாட் ஃபியூயல் செல்லும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற ஒரு வேனைக்கூட ஓட்டிக்காட்டினார்கள். 2000-ஐ ஒட்டிய வருஷங்கள் அவை. உலகத்திலேயே இந்த மாதிரி வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு 2004-ல் மத்திய அரசின் ஏ.ஆர்.சி.ஐ. என்ற ஹைதராபாத் நிறுவனம், ஃபியூயல் செல் தொழில்நுட்ப மையத்தைச் சென்னையில் தொடங்கியது. முதலில் மேடவாக்கம், பின்னால் தரமணி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா. தத்தாத்ரேயன்தான் அதன் தலைவராக இருந்தார். மற்ற ஊர்களில் குளிர்சாதன அறைக்குள் செய்கிற சோதனையை, மேடவாக்கத்தில் ஜன்னலைத் திறந்தாலே செய்துவிடலாம். கேலிக்குச் சொல்லவில்லை. சின்ன ஸ்டாக்குகளைத் தண்ணீர் இல்லாமல், விசிறிக் காற்றாலேயே குளிர்விக்கலாம். அதே காற்றுதான் ஆக்ஸிஜனும் தருகிறது. சென்னையின் பிசுபிசுப்பான காற்று சவ்வைக் காயவிடாமல் காக்கும். ஆனால் சூட்டை எடுத்துப்போகாது. ஜெய்ப்பூர்க் காற்றோ சவ்வைக் காயவைத்துவிடும். ஒரே நாட்டுக்குள் இரண்டு எதிரிகள். சில கிலோவாட்டைத் தாண்டிவிட்டால் விசிறி போதாது; தண்ணீர்ச் சுற்று வைத்தே ஆக வேண்டும்.

அந்தச் சின்ன ஸ்டாக்குகளுக்கு ஒரு காலத்தில் பெரிய சந்தை வரும் என்று எல்லாரும் நம்பினார்கள்: செல்போன் கோபுரங்கள். 2008-லிருந்து நாலைந்து வருஷம் தமிழ்நாட்டில் நாம் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோபுரத்துக்குக் கோபுரம் டீசல் ஜெனரேட்டர். அதற்குப் பதிலாக ஃபியூயல் செல் வைக்கலாம் என்று இன்டெலிஜென்ட் எனர்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனி 2015-ல் ஜி.டி.எல். நிறுவனத்தோடு இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருஷமே அது கைகூடாமல் போனது. பணம், கரண்ட் நிலைமை மாறியது என்று காரணங்கள் வேறு.

அதே மின்வெட்டுக் காலத்தில்தான் நானும் ரேடியேட்டர் முன்னால் நின்றேன். நான் இருந்த ஆலையில் மூன்று ஜெனரேட்டர்கள். மே மாதம் மத்தியானம் ஆனால் ஒன்று மாற்றி ஒன்று சூடு ஏறி டிரிப் ஆகும். ரேடியேட்டரின் முகத்தில் சிமெண்டு தூசியும் பஞ்சும் அப்பிக் கிடக்கும். உள்ளே குழாயில் உப்புப் படிவம். பெரிய ரேடியேட்டர் கேட்டு எழுதினேன், கிடைக்கவில்லை. மேலிருந்து வந்த பதில், "தண்ணி மாத்திப் பாருங்க." எந்தத் தண்ணீரை மாற்றுவது? மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அறுபதுகளிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் ஏறிவந்த கதை ஊருக்கே தெரியும். கடைசியில் வெளிப்பக்கம் கோணியைத் தொங்கவிட்டு நனைத்துக் காற்றைக் குளிரவைத்தோம். புத்தகத்தில் இல்லாத வைத்தியம், ஐந்தாறு டிகிரி குறைந்தது.

ஃபியூயல் செல்லில் இந்தத் தண்ணீர் விஷயம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். டீசல் என்ஜினுக்குள் ஓடுகிற தண்ணீருக்குக் கரண்டோடு சம்பந்தமில்லை. ஸ்டாக்கிலோ அது ஒவ்வொரு தட்டையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் இடையே 200, 300 வோல்ட் இருக்கும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தாலும் அது கம்பியாகிவிடும். கரண்ட் கசியும், தட்டு அரிக்கும், பாதுகாப்பு ரிலே வண்டியையே நிறுத்திவிடும். ஆகவே, குளிர்விக்கும் திரவத்தின் மின்கடத்துத் திறனைச் சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமன்ஸ் என்கிற மாதிரி அளவுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றினால் முடிந்தது என்றும் இல்லை. ரேடியேட்டர், குழாய், பம்பு எல்லாவற்றிலிருந்தும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவரும். அதைப் பிடிக்க ரெசின் நிரப்பிய ஒரு வடிகட்டி சுற்றிலேயே உட்கார்ந்திருக்கும். தாமிரம், பித்தளை ரேடியேட்டருக்கு அங்கே இடமில்லை. அலுமினியம் என்றாலும் பற்றவைத்தபோது உள்ளே ஒட்டிய ஃப்ளக்ஸைக் கழுவிக் கழுவி எடுத்த பிறகுதான் சேர்ப்பார்கள்.

என்னோடு இருந்த பழைய ஃபிட்டர் ஒருவருக்குப் போனில் இதையெல்லாம் கால் மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்போ பேட்டரி தண்ணி சார்" என்றார். அவ்வளவுதான். நான் மேலே ஒரு பத்தி எழுதியதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். அடுத்து அவர் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல நேரம் பிடித்தது: "ராத்திரி வழியில கொதிச்சு நின்னா, டிரைவர் பக்கத்துக் குழாயடியில பிடிச்சுத்தானே ஊத்துவான்?" ஆமாம், ஊற்றுவான். லாரி தொழில் நம் நாட்டில் அப்படித்தான் ஓடுகிறது. ஒரு குடம் தண்ணீர் பல லட்ச ரூபாய் ஸ்டாக்கைக் கெடுத்துவிடும் என்று டிரைவருக்கு யார் சொல்வது? சொன்னாலும், அந்த ராத்திரியில் வேறு எதை அவன் ஊற்றுவான்? இதை இன்று ஹைட்ரஜன் மாநாடுகளில் பேசுகிறார்களா என்று தேடிப் பார்க்கிறேன். உற்பத்திச் செலவு, மானியம், பச்சை ஹைட்ரஜன், நீல ஹைட்ரஜன் என்றுதான் பேச்சு.

நம் திருவள்ளூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்தத் தொழிலில் இடம் உண்டென்றால் அது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஸ்டாக்கை இன்னும் கொஞ்ச காலம் வெளிநாட்டிலிருந்து வாங்குவார்கள். சுற்றியிருக்கிற பம்பு, விசிறி, ரேடியேட்டர், வால்வு, ஹோஸ் எல்லாம் நமக்குப் புதிதா? பாடி, அம்பத்தூர் வட்டாரம் வண்டி உதிரிபாகங்களால் வளர்ந்தது. சுந்தரம் பாஸனர்ஸ் செய்த ரேடியேட்டர் மூடியை 1990-களிலிருந்து அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. அந்நாளில் அது பெரிய பேச்சு. அதே குழுமத்தின் ஆட்டோலெக் பிரிவு கும்மிடிப்பூண்டியில் என்ஜின் பம்புகள் செய்கிறது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மண்வாரி இயந்திரங்களுக்காகப் போட்ட ஆலையை 2001-ல் கேட்டர்பில்லர் வாங்கி, சுரங்க டிப்பர்கள் செய்கிறது. அந்த டிப்பர்களின் ரேடியேட்டர் ஒரு சுவர் அளவு இருக்கும். அவ்வளவு சூட்டைத் தூசிக்கு நடுவில் வெளியேற்றத் தெரிந்த கைகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகள் தாமிரமும் பித்தளையும் பழகியவை. சுத்தம் என்பதற்குப் புது அளவுகோல் வேண்டும், அதை ஐ.டி.ஐ. பாடத்தில் இப்போதே வைத்தால்தான் பத்து வருஷத்தில் ஆள் கிடைப்பார்கள்.

வண்டிகள் வரத்தான் போகின்றன. 2022 மார்ச்சில் டொயோட்டாவின் மிராய் காரை நம் சாலைக்கும் வெயிலுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்க டெல்லிப் பக்கம் சோதனைக்கு விட்டார்கள். அந்தக் காரின் முகத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் பெரிய வாயைத் திறந்துவைத்தது போல் இருக்கும். அழகுக்காக அல்ல, காற்றுக்காக. 2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைத்த கொச்சி கப்பல் தளத்தின் ஹைட்ரஜன் படகுக்கு இந்தப் பாடு குறைவு. தண்ணீரில் மிதக்கிற வண்டிக்குக் குளிர்ச்சி காலடியிலேயே இருக்கிறது. இஸ்ரோ அதே வருஷம் ஜனவரியில் பி.எஸ்.எல்.வி. சி-58-ன் கடைசி அடுக்கில் ஒரு சின்ன ஃபியூயல் செல்லை ஓட்டி 180 வாட் எடுத்தது. தையூரில் ஐ.ஐ.டி. வளாகத்தில் ஹூண்டாய் 180 கோடி ரூபாயில் ஹைட்ரஜன் மையம் அமைப்பதாக அறிவித்ததும் அந்த மாதம்தான்.

எனக்கு ஆர்வமாக இருப்பது லே பஸ்கள். என்.டி.பி.சி.-க்காக அசோக் லேலண்ட் செய்த ஃபியூயல் செல் பஸ்ஸில் முதலாவது 2023 ஆகஸ்டில் அங்கே போய்ச் சேர்ந்தது. 1948-ல் எண்ணூரில் பிறந்த கம்பெனி, 11,500 அடி உயரத்துக்குப் பஸ் அனுப்புகிறது. அங்கே குளிர்தானே, ரேடியேட்டருக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். காற்று அங்கே நம் ஊரைவிட மூன்றில் ஒரு பங்கு மெலிந்தது. ஒரே சூட்டை எடுக்க விசிறி அதிகம் சுற்ற வேண்டும், ஸ்டாக்குக்கு ஆக்ஸிஜன் தரும் கம்ப்ரஸரும் கூடுதலாக உழைக்க வேண்டும். ராத்திரி நிறுத்தும்போது ஸ்டாக்குக்குள் தங்கிய தண்ணீரை ஊதி வெளியேற்றாவிட்டால் விடியற்காலையில் அது பனிக்கட்டி. ஜிந்த் ரயிலுக்கு எதிர்ப்பாடு: மே, ஜூனில் 45 டிகிரி, கூடவே அறுவடைக் காலத்துத் தூசி.

படிக்கிறவர்களில் ஐ.சி.எஃப். டீசல் பவர் கார் பிரிவிலோ எண்ணூர் லேலண்டிலோ ரேடியேட்டர் வேலை பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். பித்தளைக் கோர் போய் அலுமினியக் கோர் வந்த காலத்தில் நீங்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோணித் தொங்கல் எத்தனை ஆலைகளில் இருந்தது என்றும் சொல்லுங்கள்.